வலப்பக்கத்து இரண்டாம் பல்

அத்தியாயம் 4

குழியை எந்தப் பக்கம் வெட்டுவது என்பதிலேயே சண்டை வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரிஸ்பா அபூயா அந்த வளவுக்குள் நுழைந்தபோது, கடப்பாரையோடு வந்திருந்த இரண்டு பேர் வீட்டைப் பார்த்து நின்றபடி தங்கள் வலது கைப்பக்கமாகக் கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் கைத்தடியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"அறிவிருக்காடா உங்களுக்கு? ஆம்பளைக்கு வலப்பக்கம்னா வீட்டுக்கு வலம். உனக்கு வலம் இல்ல! வாசல்ல போய் நின்னு வெளிய பாரு. இப்ப சொல்லு, எது வலம்?"

கடப்பாரைக்காரன் வாசலில் போய்த் திரும்பி நின்றான். அசடு வழிந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு இருவரும் மறுபக்கம் போனார்கள்.

"நல்லவேளை பெரியவர் பாத்தாரு," என்றான் வசோங்கா. "இல்லேன்னா செத்தவரு எந்திரிச்சு வந்து இடம் மாறிப் படுத்திருப்பாரு."

"வாயை மூடுறியா?"

"மூடிட்டேன் அக்கா. காதுதான் திறந்திருக்கு."

கிசுமு போலீசில் இருபத்திரண்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, மேலதிகாரி ஒருவரை முகத்துக்கு நேரே பொய்யன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள் ரிஸ்பா. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். வயது ஐம்பத்தாறு. வசோங்கா மட்டாட்டு வேனில் ஆள் கூவி ஏற்றியவன். நாற்பத்தைந்து வயதில் அந்த வேலை போனதும், தொண்டையை வீணாக்க மனமில்லாமல் இவளிடம் வந்து சேர்ந்தான். எட்டு வருடமாக அவன் வாயை அவள் அடக்கப் பார்க்கிறாள். நடக்கவில்லை.

அந்த வளவில் அழாத ஒரே ஆள் செத்தவனின் மனைவிதான். டோர்கா மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் அவளைத் தாண்டிப் போகும்போது உதட்டைச் சுழித்தார்கள்.

"நாளைக்கு நாலு மணிக்கு மார்ச்சுவரிலேர்ந்து எடுக்கிறாங்களாம் அம்மா," என்றாள் டோர்கா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சனிக்கிழமை அடக்கம். மண்ணு விழுந்துட்டா நான் விதவை. அப்புறம் என்னை யார் வீட்டுப் பொறுப்புல விடுறதுன்னு இவங்களே உட்கார்ந்து பேசுவாங்க. இப்பவே பேசிட்டாங்க. அவரோட அண்ணன் ஹெஸ்போன் வீடாம்."

விஷயம் இதுதான். அவள் கணவன் எல்கானா ஓலூ, ஏரியில் ஓடும் மீன்படகுகளுக்கு என்ஜின் பழுது பார்ப்பவன். ஆறு வாரத்துக்கு முன் சின்னப் படகு ஒன்றில் தனியாகப் போனான். படகு மட்டும் மிதந்து வந்தது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, அண்ணன் ஹெஸ்போன் யாகோ மரத்திலிருந்து காய் ஒன்றைப் பறித்து வந்துவிட்டான். உடம்பு கிடைக்காதவனுக்கு, முழ நீளச் சுரைக்காய் போல இருக்கும் அந்தக் காயைத் துணியில் சுற்றி, பெயர் சொல்லிப் புதைப்பது வழக்கம். அன்று மாலையே கோரைப்புல்லுக்குள் ஒரு உடம்பு ஒதுங்கியது. எல்கானாவின் சட்டை. சட்டைப் பையில் எல்கானாவின் அடையாள அட்டை. காய் இன்னும் வாசலோரம் கிடந்தது.

"நான் பாத்தேன். அது அவரு இல்ல. கால் அவரு கால் இல்ல," என்றாள் டோர்கா. "தண்ணியில ஊறினா எல்லாம் மாறும்னு ஹெஸ்போன் கத்தறாரு. முகத்துல ஒண்ணும் மிச்சமில்ல. மேல முன்பல்லு நாலும் உடைஞ்சு போச்சு. ரத்தம் எடுத்துப் பாக்கணும்னா மூணு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் யாரு காத்திருப்பாங்க?"

"பல்லு உடைஞ்சிருந்ததா?"

"அதுதான் அம்மா எனக்கு ஆறல. அவருக்கு மேல வலது பக்கம் ரெண்டாவது பல்லுல ஏதோ பிறவிக் கோளாறு. கிசுமுவுல ஒரு டாக்டரம்மாகிட்ட ரெண்டு தடவை போய் வந்தாரு. வேலை பாதியில நிக்குது. அந்தப் பல்லு இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்."

ரிஸ்பா வளவைச் சுற்றிப் பார்த்தாள். ஊரே திரண்டிருந்தது. "இவ்வளவு பேர் வந்திருக்காங்க. வராதவங்க யாரு?"

டோர்கா முதல் முறையாக மெஷினை நிறுத்தினாள். "ஒக்கிண்டா. அவர் கூட்டாளி, பத்து வருஷப் பழக்கம். டான்சானியாப் பக்கம் மீன் பிடிக்கப் போயிட்டான்னு இவரே சொன்னாரு, காணாமப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. போன வாரம் அவன் அம்மா ரூசிங்கா தீவுலேர்ந்து வந்தாங்க. மகன் வராததுக்கு என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, அவனுக்கும் சேர்த்து அழுதுட்டுப் போனாங்க."

கிளம்பும்போது டோர்கா பின்னாலேயே வந்தாள். "அவரு உயிரோட இருந்தா சொல்லுங்க அம்மா. செத்திருந்தாலும் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் அழ மாட்டேன்."

*

"பார்த்தவுடனே சொல்றேன், என் பல்லெல்லாம் நல்லா இருக்கு," என்றான் வசோங்கா, நாற்காலியைக் கண்டதும்.

"அதை நான் சொல்லணும்," என்றார் டாக்டர் கெரூபோ.

கிசுமுவில் பல்லின் வேரை மட்டுமே வைத்தியம் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். ஒல்லியான பெண்மணி. கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி தொங்கியது. எல்கானா ஓலூ என்ற பெயரைக் கேட்டதும் அவர் கார்டைத் தேடவில்லை. நேராக எக்ஸ்ரே படத்தை எடுத்து விளக்குப் பலகையில் வைத்தார்.

"எத்தனையோ பல்லு மறந்து போச்சு. இது மறக்காது. இதோ பாருங்க." ஒரு கையுறையை எடுத்து, அதன் விரல் ஒன்றை உள்பக்கமாகக் குத்தித் தள்ளினார். "தாடைக்குள்ள பல்லு உருவாகும்போதே இப்படித் தன்னைத்தானே உள்ள மடிச்சுக்கிச்சு. வெளியில பார்த்தா சாதாரணப் பல்லு. உள்ள பாத்தா பல்லுக்குள்ள இன்னொரு பல்லு. அந்த மடிப்புக்குள்ள கிருமி போய் குடித்தனம் பண்ணும். சின்ன வயசுலயே நரம்பு செத்துடும். அதனால வேர் வளர்ந்து முடியல. நுனி மூடாம குழாய் மாதிரி திறந்தே நிக்கும்."

"அதைப் பிடுங்கிப் போட்டா தீர்ந்தது," என்றான் வசோங்கா.

"சாதாரண டாக்டர் அதைத்தான் செய்வாரு. எனக்குப் பிடுங்கப் பிடிக்காது." கெரூபோவின் குரலில் சூடு ஏறியது. "இந்தப் பல்லுக்கு வழக்கமா உள்ள ஒரு வழிதான் இருக்கணும். இவருக்கு மூணு. ஒண்ணு கண்ணுக்குத் தெரியும், ரெண்டு ஒளிஞ்சிருக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. முடியளவு தப்பாக் குடைஞ்சா பல்லே போயிடும். கழுவி, மருந்து வச்சு, மேல தற்காலிகமா அடைச்சு அனுப்பினேன். மாசத்துக்கு ஒரு தடவை மருந்து மாத்தணும். மூணாவது தடவை வரல."

"மாத்தலேன்னா?"

"அடைப்பு கழண்டு விழும். மருந்து கரையும். கன்னம் வீங்கும். படுத்தா தூக்கம் வராது, உட்கார்ந்தா உட்கார முடியாது."

ரிஸ்பா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அவன் உயிரோட இருந்தா..."

"ஏதாவது ஒரு பல் டாக்டர் முன்னாடி வாயைத் திறந்தே ஆகணும்."

"அந்த டாக்டருக்கு இது புரியுமா?"

"படிக்கும்போது புத்தகத்துல ஒரு படம் பாத்திருப்பாரு. அவ்வளவுதான்."

"அப்போ நாம எல்கானாவைத் தேட வேண்டாம்," என்றாள் ரிஸ்பா. "திருதிருன்னு முழிக்கிற ஒரு பல் டாக்டரைத் தேடுவோம்."

கெரூபோ ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்தார். இந்தப் பகுதிப் பல் டாக்டர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தார்கள். விளங்காத எக்ஸ்ரே வந்தால் அதைப் படம் பிடித்துப் போட்டுக் கேட்பது அவர்களுக்குப் பழக்கம். பிறந்தநாள் வாழ்த்துகளையும் பைபிள் வசனங்களையும் தாண்டிக் கட்டைவிரல் மேலே போய்க்கொண்டே இருந்தது. பத்து நாளைக்கு முந்தைய பதிவில் நின்றது.

மிகோரி ஊரிலிருந்து மரீபா என்ற இளம் டாக்டர் போட்டிருந்தார். எக்ஸ்ரே படலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்த படம். கீழே எழுதியிருந்தது: 'பெரியவங்க யாராவது சொல்லுங்க, இது என்ன பேய்?'

வசோங்கா துள்ளினான். "பேயைப் பிடிச்சிட்டோம் அக்கா!"

கெரூபோவின் முகம் மட்டும் வாடிவிட்டது. "நான் அன்னைக்கே இதுக்குப் பதில் போட்டேன். 'என்கிட்டயும் இப்படி ஒண்ணு இருக்கு, ஆனா வலது பக்கம். உங்களோடது இடது. குடையாதீங்க, மாத்திரை கொடுங்க'ன்னு. பாருங்க, வேர் சாயறது எந்தப் பக்கம்னு. இது இடது. எல்கானாவோடது வலது. வேற யாரோ பாவம்."

"இப்படிப் பல்லு ரெண்டு பேருக்கு இருக்குமா?"

"நூத்துல ஒருத்தருக்குக் கொஞ்சமாவது மடிப்பு இருக்கும். இவ்வளவு மோசமா இருக்கிறது அபூர்வம். ஆனா அபூர்வம்னா ஒண்ணே ஒண்ணுதான்னு அர்த்தமில்லையே."

அந்த ஒரு பலகை வெளிச்சத்தில் டோர்காவின் நம்பிக்கை அணைந்து போனது போல் ரிஸ்பாவுக்கு இருந்தது.

*

ஏரிக்கரைக் கடையில் பொரித்த மீனும் உகாலிக் களியும் வந்தன. வசோங்கா களியை உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணிக் குழம்பில் தோய்த்துக்கொண்டே பேசினான்.

"எனக்கு அந்த அண்ணங்காரன் மேலதான் சந்தேகம். தம்பி செத்த அவசரத்தைவிடத் தம்பியைப் புதைக்கிற அவசரம் அதிகமா இருக்கு. ஒருவேளை அவனே பல்லை உடைச்சு..."

"ஹெஸ்போனுக்குத் தம்பி பல்லைப் பத்தித் தெரியாது. டோர்காவைக் கேட்டேன். கூச்சப்பட்டு யார்கிட்டயும் சொல்லலையாம்."

"அப்போ மீன் கடிச்சிருக்கும். இதோ இந்த மீன் மூஞ்சியைப் பாருங்க, குற்றவாளி மாதிரிதான் முழிக்குது."

ரிஸ்பா சிரிக்கவில்லை. கையில் எடுத்த களி உருண்டை அப்படியே நின்றது. காலையில் கயிறு பிடித்த அந்த இரண்டு பேர் அவள் கண் முன்னால் வந்தார்கள். இரண்டு பேரும் முட்டாள்கள் இல்லை. வீட்டை எதிரே நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

"வீட்டுக்கு வலம். உனக்கு வலம் இல்ல," என்றாள் மெதுவாக.

"என்ன அக்கா?"

"எழுந்திரு."

"மீனு?"

"அதைக் கைது பண்ணிக் கூட்டிட்டு வா!"

கெரூபோ இன்னொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரிஸ்பா கதவருகில் நின்றே கேட்டாள். "டாக்டரம்மா, அந்தப் படலத்தை முன்னாலேர்ந்து பாக்கறோமா, பின்னாலேர்ந்து பாக்கறோமான்னு எப்படித் தெரியும்?"

"மூலையில ஒரு பொட்டு இருக்கும். விரல் வச்சா மேடாத் தட்டுப்பட்டா சரியான பக்கம். பள்ளமா இருந்தா..." கெரூபோவின் கையில் இருந்த கருவி தட்டில் விழுந்தது. "ஐயோ. அவன் ஜன்னல்ல வச்சு எடுத்தான்."

அடுத்த நிமிடம் மரீபா போனில் வந்தார்.

"தம்பி, நீ குரூப்ல போட்ட அந்தப் படலம் இருக்கா? எடு. போட்டோவுல பிடிச்ச மாதிரியே, அதே பக்கம் உன்னைப் பாக்க இருக்கட்டும். மூலையில கட்டைவிரலை வை. மேடா, பள்ளமா?"

மறுமுனையில் அலமாரி திறக்கும் சத்தம் வந்தது.

"பள்ளம், டாக்டரம்மா."

"பின்பக்கத்திலேர்ந்து பாத்திருக்கே. அது வலது பல்லு."

"அன்னைக்கு அறுபத்து மூணு பேரு, டாக்டரம்மா. படத்தைப் பாத்துத்தான் கார்டுல இடதுன்னு எழுதினேன். பேரு ஜோசப்னு சொன்னாரு. மாத்திரை கொடுத்து, பெரியவங்களைக் கேட்டுச் சொல்றேன்னு நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்கேன்."

கெரூபோ போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு படங்களையும் அருகருகே பிடித்தார். இந்த முறை ஒன்றைத் திருப்பிப் பிடித்தார். மூன்று வழிகளும் ஒன்றன்மேல் ஒன்று போல் பொருந்தின.

மார்ச்சுவரியில் மூன்று வாரமாகக் கிடக்கும் ஒருவன் பத்து நாளைக்கு முன் மிகோரியில் வாயைத் திறந்திருக்க முடியாது. வசோங்கா வாசலில் போய் ஒரு ஆட்டமே போட்டுவிட்டு வந்தான். "டோர்காவுக்குப் போன் போடுறேன்!"

"வேண்டாம்."

"என்ன அக்கா, நல்ல சேதிதானே?"

ரிஸ்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் வலித்தது. "அந்த உடம்புல முன்பல்லை ஏன் உடைச்சாங்க? ஒரு பல்லை மறைக்கிறதுக்குன்னு காலையிலேர்ந்து நினைச்சிட்டிருந்தோம். இல்ல. அந்தப் பல்லு அங்க இல்லேங்கறதை மறைக்கிறதுக்கு உடைச்சிருக்காங்க. டோர்கா அதைத்தான் முதல்ல தேடுவான்னு தெரிஞ்ச ஆளு. அது தெரிஞ்சவங்க மூணே பேரு. டோர்கா, டாக்டரம்மா..."

வசோங்கா மூன்றாவது பெயரைச் சொல்லவில்லை. அவனுக்கும் எட்டிவிட்டது.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மூவரும் மிகோரியில் இருந்தார்கள். கெரூபோ தன் கருவிப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். வழியில் ஒன்றே ஒன்று சொன்னார். "என் நாற்காலியில உட்கார்ந்தவர் என் நோயாளி. வலியை வச்சு அவரை மிரட்ட நான் விடமாட்டேன். முதல்ல மரத்துப் போகட்டும். அப்புறம் நீங்க கேளுங்க."

ரிஸ்பா ஒத்துக்கொண்டாள்.

ஒன்பதேகால் மணிக்கு ஜோசப் வந்தான். தலையில் கம்பளித் தொப்பி, வலது கன்னத்தில் வீக்கம். பதினைந்து கிலோ இளைத்திருப்பான். உள்ளே போனவன், முகமூடி போட்ட டாக்டர் சொன்னபடி சாய்ந்து படுத்து வாயைத் திறந்தான்.

கெரூபோ குனிந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "எல்கானா," என்று முகமூடியை இறக்கினார். "நான் வச்ச அடைப்பு எங்க?"

அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கதவில் வசோங்கா நின்றான். ஆனால் கெரூபோ, "வழி விடுங்க," என்று அவனை விலகச் சொன்னார். "போறதுன்னா போங்க எல்கானா. கதவு திறந்துதான் இருக்கு. இந்தப் பல்லோட எவ்வளவு தூரம் போவீங்க?"

எல்கானா கதவைப் பார்த்தான். கன்னத்தில் கை வைத்தான். பிறகு அப்படியே சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

மரத்துப் போக ஊசி போட்டாயிற்று. பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு, வாயின் குறுக்கே பச்சை ரப்பர் திரையை இழுத்து மாட்டினார் கெரூபோ. இனி அவனால் பேச முடியாது. ரிஸ்பா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"நான் ரிஸ்பா அபூயா. டோர்கா அனுப்பி வந்திருக்கேன். ஆமான்னா ஒரு விரல், இல்லேன்னா ரெண்டு விரல். சொல்ல இஷ்டமில்லேன்னா கையை அசைக்க வேண்டாம். புரியுதா?"

ஒரு விரல் எழுந்தது.

"மார்ச்சுவரியில இருக்கிறது ஒக்கிண்டா."

ஒரு விரல்.

"நீங்க கொன்னீங்களா?"

இரண்டு விரல். அவசரமாக, இரண்டு தடவை.

"ஏரி கொண்டு போச்சு. அன்னைக்கு நீங்களும் அவனோட போக வேண்டியவர். பல்லு வலி. அவனைத் தனியா அனுப்பினீங்க."

ஒரு விரல்.

"அந்த என்ஜின் நீங்க பழுது பார்த்தது. அது சரியில்லேன்னு உங்களுக்குத் தெரியும்."

கை அவன் வயிற்றின் மேல் வெகுநேரம் கிடந்தது. கெரூபோவின் கையில் மெல்லிய கம்பி ஒன்று பல்லுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஒரு விரல் எழுந்தது.

"டான்சானியா போயிட்டான்னு ஊர்ல சொல்லிட்டு, ரெண்டு நாள் அவனைத் தேடினீங்க. கோரைப்புல்லுக்குள்ள கண்டுபிடிச்சீங்க. அவன் அம்மா முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியல. உங்க சட்டையை அவனுக்கு மாட்டினீங்க. அப்புறம் ஒரு கல்லை எடுத்து..."

கெரூபோவின் கை நின்றுவிட்டது. நேற்று ஊகித்தது வேறு, நேரில் கேட்பது வேறு. பல்லைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்தது போன்ற மனுஷி, அந்த ஒரு விரல் எழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்கானாவின் கண்ணோரங்களில் வழிந்த தண்ணீர் இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. மரீபா பஞ்சை எடுத்து அதைத் துடைத்தார். அந்த இளைஞருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மிச்சத்தை முடிங்க டாக்டரம்மா," என்றாள் ரிஸ்பா. தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

வசோங்கா மார்ச்சுவரிக்குப் போன் செய்து உடம்பை விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். போலீசுக்கும் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறார்கள் என்று கையாலேயே காட்டினான். அதே நேரம் ரிஸ்பாவின் போன் அடித்தது. டோர்கா.

"மார்ச்சுவரிலேர்ந்து உடம்பைத் தர மாட்டேங்கறாங்களாம். ஹெஸ்போன் குதிக்கிறாரு. என்ன ஆச்சு அம்மா?"

ரிஸ்பா எல்கானாவைப் பார்த்தாள். போனை அவன் தலைமாட்டில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னாள். சட்டையைச் சொன்னாள், என்ஜினைச் சொன்னாள். கல்லையும் சொன்னாள். எதையாவது விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இரண்டில் ஒன்று தெரியாமல் அழ மாட்டேன் என்று சொன்னவளுக்குப் பாதியைச் சொல்லக் கூடாது.

மறுமுனையில் தையல் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு. நீ பேசறது அவருக்குக் கேக்குது."

"அப்போ ஏன் பேச மாட்டேங்கறாரு?"

"பேச முடியாதும்மா. வைத்தியம் நடக்குது. வாயைக் கட்டியிருக்கு."

"ஆறு வாரமா கட்டித்தானே இருந்தது," என்றாள் டோர்கா.

ரப்பர் திரைக்குப் பின்னால் ஏதோ ஒரு சத்தம் வந்தது. அது சொல்லாக வரவில்லை.

"ஒக்கிண்டாவோட அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க," என்றாள் டோர்கா. "தன் பிள்ளை சாவுன்னு தெரியாம எனக்கு ஆறுதல் சொன்னாங்க. நான் அவங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். இவரு இதுக்குப் பேசாம என்கிட்ட வந்திருக்கலாம். என்ஜின் கோளாறுன்னு சொல்லியிருக்கலாம். நான் கூட நின்னிருப்பேன். கல்லெறிய வந்தாலும் நின்னிருப்பேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் இப்பவே தீவுக்குப் போறேன். அந்தம்மாவுக்கு வேற யாரும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். மகனை அவங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"சரிம்மா."

"இங்க குழி வெட்டி முடிச்சாச்சு. வெட்டின குழியை வெறுமனே மூடக் கூடாதுன்னு பெரியவர் சொல்றாரு. யாகோ காய் வாசல்லதான் கெடக்கு. நான் திரும்பி வந்ததும் அதைப் புதைச்சிடுவோம். வீட்டுக்கு வலப்பக்கம். அவரு பேரைச் சொல்லி." குரல் அப்போதுதான் உடைந்தது. "நான் அழுவேன் அம்மா. இப்ப என்னால அழ முடியும்."

எல்கானாவின் கை மேலே போனது. இரண்டு விரல். இன்னொரு கையும் எழுந்தது. அதிலும் இரண்டு விரல். போனுக்கு நேராக நீட்டி நீட்டிக் காட்டினான்.

"அவரு வேண்டாங்கறாரு, டோர்கா," என்றாள் ரிஸ்பா.

போன் ஏற்கெனவே அணைந்திருந்தது.

வசோங்கா தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றான். கெரூபோ கழுவி முடித்து, மருந்து வைத்து, மேலே அடைத்தார். ரப்பர் திரையைக் கழற்றி, எல்கானாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார். "சீழ் நிறைய இருந்தது. இன்னைக்கு வேரை மூட முடியாது. இன்னும் ரெண்டு தடவை பாக்கணும். நீங்க எங்க இருந்தாலும் நான் வரேன்."

மரீபா புதிய கார்டு ஒன்றை எடுத்தார். பல்லுக்கு எதிரே 'வலது' என்று எழுதி, அடியில் கோடு போட்டார். பிறகு பேனாவைப் பிடித்தபடி நாற்காலியில் இருந்தவனிடம் கேட்டார்.

"பேரு என்னன்னு எழுதறது?"

இப்போது அவனுக்குப் பேசத் தடை எதுவும் இல்லை. எல்கானா வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். வெளியே போலீஸ் வண்டி வந்து நின்றது.